போர்டிங் வளவில் ஒரு கல்லறை

உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்லறை கட்டிக்கொண்ட போதகர் இந்த மலைப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பன்வில பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் எதையும் நாளைக்கு என்று தள்ளிப் போடுகிற ஆள் இல்லை. பிள்ளைகள் தங்கிப் படிக்க மூன்று போர்டிங் கட்டினேன். இந்த ஆளால் முடியுமா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே மூன்றுக்கும் கூரை போட்டு முடித்தேன். நாலாவதாக எனக்கென்று ஒரு சின்னக் கட்டிடம். அதையும் நானே முன்னால் நின்று கட்டினால்தான் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன். செத்த பிறகு மற்றவர்கள் கையில் விட்டால் சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். கேட்பதற்கு நான் எழுந்தா வரப் போகிறேன்.

எங்கள் பன்வில போர்டிங் ஒரு மேட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் பெண் பிள்ளைகள் தூங்குகிற கட்டிடம். எதிரே படிக்கிற மண்டபம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம். அந்தப் பலாமரத்தடியைத்தான் எனக்கு எடுத்துக்கொண்டேன். பின்னால் தேயிலை ஓரமாக எவ்வளவோ இடம் கிடக்கும்போது ஏன் ஐயா நடு வளவில் என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அந்த இடத்தில் சத்தம் கூட. விடிந்தால் குழாயடியில் வாளிச் சத்தம். என் சவர்க்காரத்தை யார் எடுத்தது என்று சண்டை. சாயங்காலம் வாய்ப்பாடு, வரலாறு, ஆங்கிலப் பாட்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஓதுகிற சத்தம். நான் என் வயதில் பாதிக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்திருக்கிறேன். கண்டி நகரசபை மயானத்தில் எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியிருக்கிறேன். ஜெபம் முடிந்து கடைசிப் பிடி மண்ணும் போட்டு எல்லாரும் வந்த வான் வண்டிகளில் ஏறிப் போன பிறகு, குடையை மறந்துவிட்டு வந்தேன் என்று ஒருதரம் தனியாகத் திரும்பிப் போனேன். அப்போது அங்கே இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சாவுக்கு நான் பயந்தவன் இல்லை. அந்த அமைதிதான் எனக்கு ஒத்துவராது.

கல்லறையைக் கட்டியவர் அக்குறணையைச் சேர்ந்த மேசன் பாஸ். என் மூன்று போர்டிங்குகளில் இரண்டுக்கு அவர்தான் சுவர் எழுப்பினார். கை சுத்தமான மனுசன். வாய் மட்டும் சும்மா இருக்காது. நூல் பிடிக்க வந்த அன்று என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"ஐயா, எங்கட ஊர்ல மவுத்தான பொறகுதான் கபுறு தோண்டுற. ஆள் முன்னுக்கு நிண்டு அளவு குடுக்கிறத இண்டைக்குத்தான் பாக்கிறேன்."

"அளவைச் சரியா எடும். பிறகு என் காலை மடக்கக் கூடாது."

"நீங்க மெலிஞ்சி போனா மிச்சம் எடம் நிக்குமே. அதுக்கு என்ன செய்ற?"

"நான் மெலிய மாட்டேன்."

"அதுவும் சரிதான். டைல் ஒட்டவா? பாத்ரூமுக்கு வாங்கின நீலம் மிச்சம் ஈக்கி."

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் அந்த வேலை நடந்தது. நிலத்துக்குக் கீழே செங்கல் வைத்துக் கட்டிய குழி. மேலே முழங்கால் உயரத்துக்குச் சுவர். தலைமாட்டில் கருங்கல். கல்லில் என் பெயரும், பிறந்த வருசமும், அதற்குப் பக்கத்தில் ஒரு வெறும் இடமும். மூடுகிற பலகைக்கல் தனியாகச் செய்து பலாமரத்தில் சாய்த்து வைத்தாயிற்று. அது என் நாள் வரும்போது போடுவதற்கு. வேலை முடிந்த சாயங்காலம் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. நல்ல இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன். அப்பா போன பிறகு கண்டியில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினேன். அங்கே இருக்கும்போதுதான் ஆண்டவர் என்னைத் தொட்டார். வேதக் கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. பிரசங்கம் பண்ண எனக்கு யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை. ஆனால் நான் பேசினால் மைக் இல்லாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் கேட்கும். பெரிய பெரிய படிப்புப் படித்த போதகர்மார் பேசும்போது சனம் கொட்டாவி விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோவது அப்போது வழக்கம். மேல் வகுப்பு இருக்கிற பாடசாலை தூரத்தில். அட்டை கடிக்க மழையில் நடந்து போய், நனைந்த உடுப்போடு பாடம் கேட்டு, திரும்பி நடந்து வர எந்தப் பிள்ளையால் முடியும். ஒரு தேயிலை ஸ்டோர் மூடிக் கிடந்தது. தோட்டத்துத் துரையிடம் நேரே போய்க் கேட்டேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். பிறகு லயம் லயமாக ஏறி இறங்கினேன். "பொம்பளப் புள்ளய எங்க அனுப்பச் சொல்றீங்க" என்று விளக்குமாற்றைத் தூக்கியவர்களும் உண்டு. விளக்குமாற்றுக்குப் பயந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் இத்தனை டீச்சர்மாரும் நர்ஸ்மாரும் வந்திருக்க மாட்டார்கள். கண்டி வங்கியில் எனக்கு வரிசையில் நிற்கிற வேலை கிடையாது. உள்ளே இருந்து யாராவது ஒரு பிள்ளை எழுந்து வரும்.

பெரும்பாலும் சைவப் பிள்ளைகள்தான். யாரையும் மதம் மாற்ற நான் போர்டிங் நடத்தவில்லை. தகரப் பெட்டிக்குள் முருகன் படத்தை வைத்துக்கொள்ளலாம். சாயங்கால ஜெபத்துக்கு மட்டும் எல்லாரும் வந்து உட்கார வேண்டும். இதுதான் என் சட்டம்.

பன்விலவுக்குப் பிறகு தெல்தெனியவில் ஒன்று. பிறகு கண்டியில் பெரியது. இப்போது எல்லாவற்றையும் ஒரு நிர்வாகக் குழு பார்க்கிறது. வக்கீல், கணக்காளர் என்று எல்லாரும் படித்தவர்கள். வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மாலை போட்டுச் சொன்னார்கள். சரி என்றேன். ஆனால் பன்வில போர்டிங்கில் வாசல் கேட்டுக்குப் பக்கத்து அறை எனக்கு வேண்டும் என்று மாலையைக் கழற்றாமலே சொன்னேன். சம்மதித்தார்கள். சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்.

என் மனைவி யாழ்ப்பாணத்து டீச்சர். தோட்டத்துப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர். நாலாம் வகுப்புக்காரனைக் கட்டிக்கொண்டார் என்றால் என்னிடம் ஏதோ இருந்திருக்கத்தானே வேண்டும். "நீங்கள் கட்டுறதெல்லாம் ஊராற்ற பிள்ளையளுக்கு. எனக்கு ஒரு சின்னக் குசினி கட்டித் தாங்கோவன்" என்பார். கட்டிக் கொடுத்தேன், ஜன்னல் வைத்து. அந்தக் குசினியிலும் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்குத்தான் கஞ்சி வெந்தது. மகள் கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனாள். முதல் பிரசவத்துக்கு என்று மனைவி போனார். பிறகு இரண்டாவது பிரசவம். பிறகு பேரப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு அவருக்கே நோய். பனி கொட்டுகிற ஓர் இடத்தில் அவரை மண்ணில் வைத்தார்கள். நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படம் நடுநடுவே நின்று நின்று வந்தது. அங்கே பிரசங்கம் பண்ணிய தம்பி நன்றாகவே பண்ணினார். நான் பண்ணியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கல்லறை கட்டி முடித்துக் கொஞ்ச நாள் போனது. ஒருநாள் காலையில் வார்டன் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். மாத்தளைப் பக்கத்து ஆள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர்.

"ஐயா, புள்ளைங்க கட்டில இழுத்துட்டாங்க."

"ஏன், கூரை ஒழுகுதா?"

"ஒழுகல. பலாமரத்துப் பக்கம் படுக்க மாட்டேங்குறாங்க."

"மூட்டைப் பூச்சியா?"

"மூட்டைப் பூச்சின்னா நான் மருந்து அடிச்சிருப்பேன் ஐயா. இது நீங்க கட்டினது."

போய்ப் பார்த்தேன். நீளமான அறையில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மறு பக்கத்தில் கட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல்களுக்குப் பாவாடைத் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். மண்டபத்துக்குப் போக நேர் வழியாக நடப்பதை விட்டுவிட்டு, குசினியைச் சுற்றி, விறகுக் கொட்டிலைச் சுற்றிப் போகிறார்களாம். பகலிலும் அப்படித்தானாம்.

விசாரித்தபோது விசயம் வெளியே வந்தது. தோண்டின குழியை வெறுமனே விடக் கூடாது என்பது தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. வாயைத் திறந்து கிடக்கிற குழி ஆள் கேட்குமாம். யாராவது சாகப் போகிறார் என்று தோண்டி, அவர் பிழைத்துக்கொண்டால், ஒரு வாழைத் தண்டையும் ஒரு கோழியையும் உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான், எனக்குத் தெரியாததா. ஆனால் இந்த மாதிரி நம்பிக்கைகளுக்கு எதிராக ஐம்பது வருசம் தொண்டை கிழியப் பேசியவன் நான். என் வளவிலேயே இது வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் பிரசங்கம். அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக் கதையை எடுத்தேன். வெறுமையான கல்லறைதான் நமக்குப் பெரிய சந்தோசம் என்றேன். கல் புரண்டு கிடந்தது, உள்ளே யாரும் இல்லை, படுத்திருந்தவர் எழுந்து வெளியே நடந்து போய்விட்டார் என்று கையை விரித்து நடந்தே காட்டினேன். இந்தக் கதையைச் சொல்லி நான் பெரிய பெரிய ஆட்களை அழ வைத்திருக்கிறேன். மண்டபத்தில் மூச்சு விடுகிற சத்தம் கூட இல்லை. சரியாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது முன் வாங்கில் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கியது.

"ஐயா, எந்திரிச்சுப் போனவரு இப்ப எங்க இருக்காரு?"

"பரலோகத்தில்."

"அது அந்தக் குழி ஐயா. இந்தக் குழியில இருந்தவரு?"

"இதில் யாரும் இருக்கல. இது புதுசு."

"அப்ப இனிமேதான் வருவாங்களா?"

அதற்குப் பிறகு மறு பக்கத்துக் கட்டில்கள் இன்னும் நெருங்கிவிட்டதாக வார்டன் அம்மா சொன்னார்.

சரி, திறந்து கிடப்பதுதானே வம்பு என்று மேசன் பாஸைக் கூப்பிட்டு அந்தப் பலகைக்கல்லை எடுத்து வாயை மூடச் சொன்னேன். பூச்சுப் பூசாமல் சும்மா வைத்தார். பிறகு எனக்குப் பெயர்க்க வேண்டுமே. இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. மூன்றாவது நாள் வார்டன் அம்மா மறுபடி வாசலில்.

"இப்ப என்ன?"

"மூடிட்டீங்கள்ல ஐயா. மூடினா உள்ள ஆள் வந்திருச்சுன்னு அர்த்தமாம்."

"யார் வந்தது?"

"அதத்தான் அவங்களும் கேக்குறாங்க."

சிரிக்காமல் என்ன செய்வது. தனியாக அறைக்குள் போய்ச் சிரித்தேன். திறந்தால் ஆள் கேட்கிறது, மூடினால் ஆள் இருக்கிறது. எந்த வக்கீலாலும் இதை உடைக்க முடியாது.

அந்தப் பாடசாலைத் தவணை முடிந்து லீவு வந்தது. வழக்கமாக லீவுக்குப் போகிற பிள்ளைகள் ஒரு துணிப் பையோடுதான் போவார்கள். தகரப் பெட்டிகள் இங்கேயே பெட்டி அறையில் அடுக்கி இருக்கும். இந்தத் தடவை நான் கேட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வான்களின் கூரையில் பெட்டிகள் ஏறின. ஒவ்வொரு பிள்ளையும் வந்து "ஐயா போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வான்கள் போன பிறகு பெட்டி அறையைத் திறந்து பார்த்தேன். தரையில் பெட்டிகள் இருந்த துரு அடையாளம் மட்டும் கிடந்தது.

சமையல்கார அம்மா தன் மகள் வீட்டுக்குப் போனார். வார்டன் அம்மா மாத்தளைக்குப் போனார். முன்னைய லீவுகளில் மனைவி இருப்பார். அவர் போன பிறகும் பெட்டிகளாவது இருந்தன. பெட்டி இருந்தால் பிள்ளை வரும் என்று அர்த்தம். இந்த லீவில்தான் நான் முழுசாகத் தனியாக இருந்தேன். பாணும் பருப்பும் வாங்கி வந்து சாப்பாட்டு மண்டபத்தில் அந்த நீண்ட மேசையின் தலைமாட்டில், எப்போதும் நான் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்தேன். ஜெபத்தைச் சத்தமாகத்தான் சொன்னேன். அது எனக்குப் பழக்கம். ஆமென் சொல்ல ஆள் இல்லாததால் நானே சொன்னேன். குழாயடிக்குப் போனால் காய்ந்து கிடந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தம்தான். அது விட்டால் அதுவும் இல்லை. வேலை எதுவும் இல்லாமல் வளவைச் சுற்றி நடப்பேன். பலாமரத்தடிக்கு வந்தால், இந்த இடத்தைப் போய் என்ன நினைத்து எடுத்தோம் என்று வரும். பிள்ளைகள் இல்லாவிட்டால் இதுவும் அந்த நகரசபை மயானமும் ஒன்றுதானே.

மகள் போன் பண்ணினாள். கண்டியில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் பேச்சு முழுக்க அவள் அம்மாவுடையது.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

"சாப்பிட்டேன்."

"குரல் ஒருமாதிரிக் கிடக்கு. இஞ்ச வந்திடுங்கோ அப்பா. அம்மாவுக்குப் பக்கத்தில இடம் எடுத்து வைச்சிருக்கிறம்."

"இப்போதே படுக்கவா?"

"பகிடி விடாதேங்கோ. வாறதெண்டால் சொல்லுங்கோ, நான் அலுவல் பாக்கிறன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பனியில் என் பிரசங்கம் யாருக்கு விளங்கும்.

அடுத்த போன் நிர்வாகக் குழுவிலிருந்து. வக்கீல் மிகவும் பணிவாகத்தான் பேசினார். பிள்ளைகள் பெட்டியோடு போன கதை அவர் காதுக்கும் போயிருந்தது. புதிய தவணைக்குப் பாதிப் பிள்ளைகளாவது திரும்பி வராவிட்டால், மிச்சமிருக்கிறவர்களைக் கண்டிப் போர்டிங்குக்கு எடுத்துக்கொண்டு பன்விலவைப் பூட்டிவிடலாம் என்று யோசிக்கிறார்களாம். தெல்தெனியவையும் அப்படித்தான் பூட்டினார்கள். இப்போது ரோடு நன்றாகிவிட்டது, வான் ஓடுகிறது, போர்டிங்குக்கு வருகிறவர்களே குறைவு, அதிலும் இது வேறு என்றார். "ஐயாவுக்குக் கண்டியில ஒரு அறை போட்டுத் தருவோம்" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. வக்கீலுக்குப் பதில் சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இந்த நாட்களில்தான் ஒரு பெண் வந்தாள். என் போர்டிங்கில் படித்தவள். இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுடைய மகளும் எங்களிடம்தான் இருந்தாள், போன வான்களில் பெட்டியோடு போனவர்களில் அவளும் ஒருத்தி. வரும்போது ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போது விசயம் பேசக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மறக்கவில்லை.

கை கழுவியதும் நானே ஆரம்பித்தேன்.

"நீயும் பெட்டியை ஏத்திட்டே. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதானா?"

"எனக்குப் பயம் இல்லங்க ஐயா. புள்ள தூங்க மாட்டேங்குறா. வீட்டுக்கு வந்தும் லைட்ட அணைக்க விடுறதில்ல."

"உள்ளே ஒன்றும் இல்லை என்று நீ சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். 'அப்ப எதுக்கும்மா கட்டினாங்க'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"



"ஐயா, கோவப்படாதீங்க. ஒரு வாழத் தண்டும் ஒரு கோழியும் போதும். லயத்து ஆளுங்க வந்து சத்தமில்லாமச் செஞ்சு மூடிருவாங்க. அவங்க மூடினாத்தான் புள்ளைங்க நம்புவாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"போதகர் வளவில் கோழியா? ஐம்பது வருசமா நான் என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரியும். மனப்பாடமாவே தெரியும்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "ஐயா, நான் உங்க புள்ள. உங்களுக்கு ஒரு கெட்டது நெனப்பேனா. ஆனா இவ என் புள்ள."

அவளை அனுப்பிவிட்டேன். கோபமாகத்தான் அனுப்பினேன். பார்சல் சுற்றி வந்த கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு, மேசையையும் துடைத்துவிட்டுப் போனாள். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மறுபடி ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் நான் ஜெபத்தில் இருந்தேன். ஆண்டவர் என்ன சொன்னார் என்று கேட்கிறவர்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி அறையைத் திறந்து திறந்து பார்த்ததுதான் நான் செய்தது. மூன்றாவது நாள் காலையில் அக்குறணைக்குப் போன் எடுத்தேன்.

மேசன் பாஸ் வந்து சுவரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு வடிவா கட்டின. எனக்கே ஒடைக்க மனசு வரல்ல. மெய்யாவா சொல்ற?"

"மெய்யாகத்தான். முழுக்க எடுத்துவிடும். கல்லையும்."

"பேர் வெட்டின கல்ல என்ன செய்ற?"

"நீர் கொண்டுபோம்."

"நானா? என்ட பொஞ்சாதி ஊட்டுக்குள்ள எடுக்க உடுவாளா? பேர ஒடச்சி அத்திவாரத்துக்குப் போடுறேன். யார்ட அத்திவாரம்னு மட்டும் கேக்க வேணாம்."

அவர் உடைத்தார். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். நல்ல கட்டு. லேசில் விடவில்லை. நான் முன்னால் நின்று கட்டுவித்தது அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் சுவரும் இல்லை, கல்லும் இல்லை, குழி மட்டும் பழையபடி வாயைத் திறந்து கிடந்தது. மண்ணைத் தள்ளட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், அதற்கு வேறு ஆள் இருக்கிறது என்றேன். என்னைப் பார்த்தார். மண்வெட்டியைக் கழுவப் போனார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "சனிக்கிழமை எனக்குக் கண்டியில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். கேட்டைப் பூட்ட மாட்டேன்" என்றேன். "சரிங்க ஐயா" என்றாள்.

கண்டியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ்ஸில் போய் இறங்கி, சந்தைக்குள் போய், ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். ஏரிக்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். வங்கிக்குப் போனால் யாராவது பிள்ளை எழுந்து வந்து பேசும், ஆனால் சனிக்கிழமை வங்கி பூட்டு. கூட்டம் கூட்டமாகச் சனம் போனது. ஒருவரும் என்னைப் பார்த்து "ஐயா" என்று நிற்கவில்லை. இந்த ஊரில் நான் மூட்டை தூக்கிய காலத்திலும் இப்படித்தான் இருந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மத்தியானம் நகரசபை மயானத்துக்கு நடந்தேன். காவல்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "யாருக்கு ஐயா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் அதிசயப்படவில்லை, அவர் தொழில் அப்படி. உள்ளே நிழலாக, மேடாக நல்ல இடங்களைக் காட்டினார். ரோட்டோரத்து மதில் அடியில் ஒரு துண்டு கிடந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது வேணாம் ஐயா. பஸ் ஹார்ன் காதப் பொளக்கும். எதிர்ல டியூசன் வகுப்பு வேற. யாரும் அத எடுக்கிறதில்ல."

அதையே வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து எழுத வேண்டும் என்றார். மதிலடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஹார்ன் சத்தம் கேட்டது உண்மைதான். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் வெளியே வந்து ஐஸ்கிறீம் வானைச் சுற்றி நின்று கத்தினார்கள். எல்லாம் முன்பின் தெரியாத பிள்ளைகள்.

நான் திரும்பி வந்தபோது வளவில் ஒருவரும் இல்லை. பலாமரத்தடி சமமாக இருந்தது. மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். சுத்தமான வேலை. நான் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி நான் பேச மாட்டேன். என் அறை வாசலில் ஒரு சோற்றுப் பார்சல் இருந்தது. கறி என்ன என்று திறந்து பார்த்தேன். கத்தரிக்காயும் பருப்பும்தான். கவனமான பெண்.

தவணை தொடங்குகிற நாள் விடியற்காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு கேட்டடியில் நின்றேன். வார்டன் அம்மா முதல் நாளே வந்துவிட்டார். சமையல்கார அம்மா பாதிப் பேருக்குத்தான் அரிசி போட்டிருந்தார். இன்னும் போடுங்கள் என்றேன். வராவிட்டால் யார் ஐயா சாப்பிடுவது என்றார். நான் சாப்பிடுகிறேன் என்றேன்.

நேரம் போனது. ரோட்டில் எந்த வான் சத்தம் கேட்டாலும் அது வேறு எங்கோ போனது. பிறகு ஒன்று மேட்டில் ஏறியது. கூரையில் பெட்டிகள். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பிறகு ஓர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன். நான் எண்ணவில்லை. பெட்டி அறையில் தகரத்தோடு தகரம் மோதுகிற சத்தம் வரத் தொடங்கியபோது மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

துணிக்கடைப் பெண் மகளைக் கூட்டி வந்தாள். இருவரும் பலாமரத்தடியை ஒருதரம் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப ஐயாவ எங்க வைக்கிறது?" என்று தாய் கேட்டாள்.

"கண்டியில் இடம் எடுத்திருக்கிறேன். நல்ல இடம். யாருக்கும் கிடைக்காத இடம்."

"அது தூரமாச்சே. நாங்க எப்படி வந்து பாக்குறது?"

"வந்து பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள். பஸ் காசுதான் நட்டம்."

அவள் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள். அது எங்கள் வழக்கம் இல்லை, வேண்டாம் என்று எப்போதும் தடுப்பேன். அன்றைக்குத் தடுக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கட்டில்களை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் கட்டியிருந்த துணிகள் போயின. மணி அடித்ததும் மண்டபத்துக்குப் போகப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவள் அந்தத் துணிக்கடைப் பெண்ணின் மகள். குசினிப் பக்கம் திரும்பவில்லை. விறகுக் கொட்டிலைப் பார்க்கவும் இல்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவளோடு ஏதோ சண்டை போட்டபடி, அந்தப் புது மண்ணின் மேலேயே நேராக நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். செருப்புக்கால்கள் ஒன்றின் பின் ஒன்றாக.

மிதிக்காதே என்று என் வாயில் வந்தது. சொல்லவில்லை. கதிரையை எடுத்துக்கொண்டு வந்து வழியை விட்டுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். போகிறவர்கள் "குட் மார்னிங் ஐயா" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்கள்.